உடல் பருத்தற்கு உண்டி மட்டுமோ காரணம்?

பருத்த உடலினர் ஒருவரைக் கண்ட மாத்திரத்தே, அவர் பெருந்தீனிக்காரர் என்றோ, உடம்பு வளைந்து வேலை செய்யாத சோம்பேறி என்றோ முடிவுகட்டிவிடுதல் நம்மவரிடையே வேரூன்றிப்போன வழக்கமாகும். விருந்துப் பந்தியிலே அவருடைய இலையைப் பிறர் கண்கள் அளக்கின்றன. பாடசாலையிலே பருத்த பிள்ளைக்குப் பட்டப்பெயர் சூட்டுதற்கு உடன்மாணவர் ஒரு நாளேனும் தாமதிப்பதில்லை. "என்னத்தைக் குடுத்துப் பிள்ளையை இப்பிடி வளர்த்து வைச்சிருக்கிறாய்?" என்று உறவினர் கேட்கும்போது, பெற்ற தாய் விடையிறுக்க மாட்டாது தலைகுனிந்து நிற்கின்றாள்.

உண்பது மிகுந்து உழைப்புக் குறைந்தால் உடல் பருக்கும் என்பதை மறுப்பார் எவருமிலர். நாமும் அதனை மறுக்க முற்படவில்லை. சீனி கரைத்த பானங்களும், எண்ணெயிற் பொரித்த பலகாரங்களும், பாணும் பணிசும் மலிந்துவிட்ட காலம் இது. ஆயினும் ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றை உண்டு, ஒரே முற்றத்தில் ஓடி விளையாடும் இரு பிள்ளைகளுள் ஒன்று மெலிந்தும் மற்றொன்று பருத்தும் வளர்வது எதனால்? பரம்பரை என்று ஒரு விடை உண்டு. அவ்விடை உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. பரம்பரை இயல்புகள் மாறுவதற்குப் பல நூறு தலைமுறைகள் வேண்டும். உலக மக்களின் உடற்பருமனோ இரண்டொரு தலைமுறைக்குள்ளேயே பெருகிவிட்டது.

இந்த வினாவுக்கு விடை தேடிய விஞ்ஞானிகளுட் சிலர், கடந்த இருபது ஆண்டுகளாகப் புதியதொரு திசையை நோக்கித் தம் பார்வையைச் செலுத்தி வருகின்றனர். நாம் உண்ணும் உணவோடும், பருகும் நீரோடும், சுவாசிக்கும் காற்றோடும் உடலினுட் புகும் சில இரசாயனப் பொருள்கள், உடம்பு கொழுப்பைச் சேர்க்கும் ஒழுங்கையே மாற்றிவிடுகின்றன என்பது அவர்களுடைய கருத்து. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஏர்வைன் வளாகத்தைச் சேர்ந்த புரூஸ் புளும்பேர்க் என்பாரும் அவருடைய உடனாய்வாளர் பீலிக்ஸ் குருன் என்பாரும் 2006 ஆம் ஆண்டில் இத்தகைய பொருள்களுக்கு ஒரு பெயரிட்டனர். அதனை நாம் தமிழில் 'பருமனூக்கி' என வழங்குவோம்.

கப்பற் பூச்சும் கடற் சிப்பியும்

புளும்பேர்க் ஆராய்ந்த பொருள் சமையலறையில் இருந்து வந்ததன்று. கப்பற்றுறையில் இருந்து வந்தது. கப்பலின் அடிப்புறத்திலே பாசியும் சிறு ஓட்டுயிர்களும் ஒட்டி வளரும். வளர வளரக் கப்பலின் வேகம் குறையும்; எரிபொருட் செலவு ஏறும். இத்தொல்லையை ஒழிப்பதற்காக 1960 களிலே திரைபியூற்றைல் வெள்ளீயம் என்னும் நச்சுச் சேர்வை கலந்த பூச்சுப் புழக்கத்துக்கு வந்தது. பூச்சிலிருந்து சிறிது சிறிதாகக் கசியும் நஞ்சு, ஒட்ட வரும் உயிர்களைக் கொன்றுவிடும். கப்பற் சொந்தக்காரர் மகிழ்ந்தனர்.

பிரான்சு தேசத்தின் மேற்குக் கரையிலே ஆர்க்கசோன் என்றொரு குடா உண்டு. சிப்பி வளர்ப்பு அங்குள்ளாருக்குப் பெயர்பெற்ற தொழில். 1970 களின் பிற்பகுதியில் அங்கே சிப்பிக் குஞ்சுகள் பிழையாது மடியத் தொடங்கின. பிழைத்தவற்றின் ஓடுகளும் தடித்து உருக்குலைந்து, விலைபோகாதனவாயின. குடாவில் நெருங்கி நின்ற உல்லாசப் படகுகளின் அடிப்பூச்சே இதற்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. 25 மீற்றருக்குக் குறைந்த படகுகளில் அப்பூச்சைப் பூசலாகாது எனப் பிரெஞ்சு அரசாங்கம் 1982 இல் தடை விதித்தது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலோ இன்னும் விந்தையானதொரு கேடு நிகழ்ந்தது. பாறைகளில் வாழும் ஒருவகைக் கடல் நத்தைகளிலே, பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைத்தது. முட்டையிடும் வழி அடைபட்டு, சில இடங்களில் அவ்வினமே அருகிப்போயிற்று. ஒரு லீற்றர் நீரிலே ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு நஞ்சு இருந்தாலே இக்கேட்டுக்குப் போதும். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது நம் முன்னோர் மொழி. இங்கே அளவு மிகக் குறைந்திருந்தும் நஞ்சு தன் வேலையைச் செய்தது.

அது எங்ஙனம் இயன்றது? நம் உடம்பிலே பெருஞ் செயல்கள் பல, இரத்தத்திலே மிகச் சிறு அளவில் உலவும் ஓமோன்களால் நடைபெறுகின்றன. ஓமோன் என்பது ஒரு திறவுகோல். கலங்களின் உள்ளே அத்திறவுகோலுக்குப் பொருந்தும் பூட்டுகள் உண்டு. அவற்றை ஏற்பிகள் என்பர். சரியான திறவுகோல் சேர்ந்தால் பூட்டுத் திறந்து, 'வளர்' என்றோ 'நில்' என்றோ கலத்துக்கு ஆணை பிறக்கும். மனிதன் ஆக்கிய இரசாயனப் பொருள்களுட் சில, தற்செயலாக இத்திறவுகோலின் வடிவத்தை ஒத்துவிடுகின்றன. கள்ளத் திறவுகோல் கொண்டும் வீட்டைத் திறக்கலாம் அல்லவா?

நத்தையின் பாலை மாற்றிய பொருள் ஆண், பெண் ஓமோன்களின் பூட்டைத்தான் திறக்கின்றது போலும் என எண்ணுதல் இயல்பே. ஆனால் புளும்பேர்க்கின் ஆய்வுகூடத்திலே வேறொரு பூட்டுத் திறந்தது. முதிராத இளங் கலம் ஒன்று கொழுப்புக் கலமாக மாறவேண்டும் என ஆணையிடும் ஏற்பியையே அந்த வெள்ளீயச் சேர்வை இயக்கிற்று. கருவுற்ற சுண்டெலிகளுக்கு அதனைச் சிறு அளவில் ஊட்டிப் பார்த்தனர். பிறந்த குட்டிகளின் ஈரலிலே கொழுப்புப் படிந்திருந்தது. அவை வளர்ந்தபோது, நஞ்சு படாத சுண்டெலிகளைவிடக் கூடுதலான கொழுப்பைச் சுமந்தன. இளங் கலம் எலும்புக் கலமாகவும் ஆகலாம், கொழுப்புக் கலமாகவும் ஆகலாம். நஞ்சு பட்ட குட்டிகளிலே எலும்பின் பங்கு குறைந்து கொழுப்பின் பங்கு கூடியது.

அதைவிட வியப்பானது 2013 இல் வெளிவந்த முடிபு. நஞ்சு ஊட்டப்பட்டது தாய்க்கு மட்டுமே. குட்டிக்கும் பேரக்குட்டிக்கும் பின்னர் யாதொன்றும் ஊட்டப்படவில்லை. ஆயினும் கொள்ளுப்பேரர் தலைமுறையிலும் மிகைக் கொழுப்புக் காணப்பட்டது. 2017 இல் அதற்கும் அடுத்த தலைமுறையை ஆராய்ந்தனர். அத்தலைமுறையின் ஆண் சுண்டெலிகள் கொழுப்பு மிகுந்த உணவைச் சிறிது காலம் உண்டதும் விரைவிற் பருத்தன. பட்டினி போட்டபோதும் அக்கொழுப்பை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. நம் ஊரிலே 'நான் தண்ணீர் குடித்தாலும் உடம்பு வைக்கின்றது' என அங்கலாய்ப்போரைக் கேலி செய்வதற்கு முன், இச்சுண்டெலிகளைச் சற்று நினைத்துக்கொள்ளுதல் நன்று.

திரைபியூற்றைல் வெள்ளீயப் பூச்சுக் கப்பல்களில் உலகளாவிய முறையில் 2008 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டது. அந்த உடன்படிக்கை எழுதப்பட்டது 2001 இல். நடைமுறைக்கு வர ஏழாண்டு சென்றது.

கலங்களின் எண்ணிக்கை

சுண்டெலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேருமோ என்னும் வினா எழும். அதனை ஆராயுமுன், கொழுப்புக் கலத்தைப் பற்றி மாணவர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1955 இற்கும் 1963 இற்கும் இடையே வல்லரசுகள் வானவெளியிலே அணுகுண்டுகளை வெடித்துப் பரிசோதித்தபோது, காற்றிலே ஒருவகைக் கதிர்வீசும் காபன் பெருகிற்று. அது பயிர்களில் ஏறி, உணவின் வழியாக மனித உடம்பினுட் புகுந்து, அக்காலத்திற் பிறந்த ஒவ்வொரு கலத்திலும் பிறந்த ஆண்டைப் பொறித்து வைத்தது. சுவீடன் நாட்டின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர் அப்பொறிப்பை வாசித்து, 2008 இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். மனிதனின் கொழுப்புக் கலங்களின் எண்ணிக்கை குழந்தைப் பருவத்திலும் இளமையிலுமே வரையறையாகிவிடுகின்றது. பின்னர் ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு கலங்கள் இறந்து புதியன தோன்றினும், மொத்தத் தொகை மாறுவதில்லை. பெருமுயற்சி செய்து மெலிந்தவரிடத்தும் கலங்கள் சுருங்குகின்றனவேயன்றித் தொகையிற் குறைவதில்லை. அழிவுக்கென ஆக்கிய குண்டு இப்படி ஓர் அறிவையும் தந்தது.

எனவே, கருப்பையிலும் தொட்டிலிலும் இருக்கும் காலத்திலே கலங்களின் தொகையைக் கூட்டிவிடும் பொருள் எதுவாயினும், அதன் விளைவை அவ்வுயிர் வாழ்நாள் முழுவதும் சுமக்க நேரும்.

மனிதனுக்கும் அதே பூட்டு உண்டு என்பதிலே ஐயமில்லை. நீரிழிவு நோயாளருக்கு வைத்தியர்கள் வழங்கும் பயோகிளிற்றசோன் என்னும் மருந்து அந்த ஏற்பியைத் திறந்தே வேலை செய்கின்றது. இன்சுலின் நன்கு செயற்பட அம்மருந்து உதவும். ஆனால் அதனை உட்கொள்வோர் பலருக்கு உடல் நிறை ஏறும். இது வைத்தியர் அறிந்த பக்க விளைவே. இரசாயனப் பொருள் ஒன்று மனிதனுக்குக் கொழுப்பைக் கூட்டவல்லது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டுவதில்லை. எந்தப் பொருள், எவ்வளவு, எந்த வயதில் என்பனவே வினாக்கள்.

கால்நடை வளர்ப்போர் இதனை விஞ்ஞானிகளுக்கு முன்பே அறிந்திருந்தனர் எனலாம். இலண்டனில் சார்ள்ஸ் டொட்ஸ் என்பாரும் பிறரும் பெண் ஓமோனை ஒத்த செயற்கைப் பொருள் ஒன்றை 1938 இல் ஆக்கினர். சுருக்கமாக டி.ஈ.எஸ். என்பர். ஐக்கிய அமெரிக்காவிலே 1940 களில் தொடங்கிக் கருச்சிதைவைத் தடுக்கும் மருந்தென அது கருவுற்ற தாய்மார்க்கு வழங்கப்பட்டது. அதே பொருளைச் சிறு வில்லைகளாகச் சேவல்களின் கழுத்துத் தோலின் கீழ்ப் புதைத்தால் அவை கொழுத்தன. 1954 முதல் மாட்டுத் தீனியிலும் அது கலக்கப்பட்டது. வைத்தியசாலையிலும் மாட்டுத் தொழுவத்திலும் ஒரே மருந்து! அம்மருந்து உண்ட தாயரின் புதல்வியரிடையே அரிய புற்றுநோய் ஒன்று தோன்றுவது 1971 இல் தெரியவந்ததும், கருவுற்றோர்க்கு அதனை வழங்கலாகாது என அரசு அறிவித்தது. மாடுகளுக்கோ 1979 வரை அது தொடர்ந்தது. பின்னாளில் ரெற்றா நியூபோல்ட் என்னும் அம்மையார், பிறந்து சில நாள்களேயான சுண்டெலிகளுக்கு டி.ஈ.எஸ். மருந்தை மிகச் சிறு அளவிற் கொடுத்துப் பார்த்தார். குட்டிகள் தொடக்கத்திற் பிறவற்றைப் போலவே தோன்றின. பருவம் வந்த பின்னரே அவை பருத்தன. காரணம் முன்னே நிகழ, காரியம் நெடுங்காலம் கழித்துத் தோன்றுகின்றது. இடையில் நிற்கும் தாய் எதனைக் கண்டு ஐயுறுவாள்?

பாட்டியின் இரத்தம் சொன்ன கதை

மனிதரிடத்திலே சான்று தேடுதல் எளிதன்று. கருவுற்ற பெண்களுக்கு நஞ்சூட்டிப் பார்த்தல் எவருக்கும் அடாத செயல். எனவே தாமாகவே நஞ்சுக்கு ஆளானோரைப் பின்தொடர்ந்து செல்லவேண்டும். அதற்கு ஆண்டுகள் பல பிடிக்கும். இவ்வழியிற் கிடைத்தவற்றுள் வலிமை மிக்க சான்று புகையிலையைப் பற்றியது. 14 ஆய்வுகளில் 84,000 இற்கும் மேற்பட்ட குழந்தைகளின் விபரங்களை ஒருங்குசேர்த்து 2008 இல் வெளியான கணக்கின்படி, கருவுற்ற காலத்திற் புகைத்த தாயரின் பிள்ளைகள் பின்னாளில் மிகைநிறை அடையும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அப்பிள்ளைகள் பிறக்கும்போது நிறை குறைந்தே பிறக்கின்றனர் என்பதுதான் வியப்பு. புகைக்கும் தாயரின் வாழ்க்கை வசதியும் உணவும் வேறுபட்டனவாதலால் அதுவே காரணமாகலாம் என்பாரும் உளர். அவ்வேறுபாடுகளைக் கணக்கிற் கொண்ட பின்னரும் தொடர்பு முற்றாக மறையவில்லை.

மற்றொரு சான்று டி.டி.ரி. பற்றியது. இந்நாட்டு மக்களுக்கு இப்பெயரை அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. 1934, 1935 ஆம் ஆண்டுகளிலே மலேரியாக் காய்ச்சல் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்டது. 1946 இல் வீடுதோறும் சுவர்களிலே டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கினர். அவ்வாண்டில் ஏறத்தாழ 28 இலட்சமாயிருந்த மலேரியா நோயாளர் தொகை 1963 இல் வெறும் 17 ஆக வீழ்ந்தது. தெளிப்பதை நிறுத்தியபின், 1968 இலும் 1969 இலும் நோய் மீண்டும் பரவிப் பல இலட்சம் பேரைப் படுக்கையிற் கிடத்தியதும் வரலாறே. ஆகவே டி.டி.ரி. மருந்தைப் பழிப்போர், அது காத்த உயிர்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் பாட்டிமாரிற் பலர் அத்தெளிப்பினாலேயே பிழைத்துப் பிள்ளை பெற்றனர்.

அதே காலத்தில் ஐக்கிய அமெரிக்காவிலே வயல்களிலும் தோட்டங்களிலும் ஊர்களிலும் டி.டி.ரி. அளவிறந்து தெளிக்கப்பட்டது. கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகர்ப் பகுதியிலே, 1959 இற்கும் 1967 இற்கும் இடையில் கருவுற்ற ஏறத்தாழ 15,000 பெண்களின் இரத்தம் எடுக்கப்பட்டு, குளிரூட்டிச் சேமித்து வைக்கப்பட்டது. சேமித்தோர் தொலைநோக்குடையோர். அரை நூற்றாண்டு கழித்து, பார்பரா கோன் என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும் அந்த இரத்தத்தில் இருந்த டி.டி.ரி. அளவைக் கணித்து, அப்பெண்களின் பேத்தியரைத் தேடிச் சென்றனர். 2021 இல் முடிபு வெளிவந்தது. வணிகச் சரக்கான டி.டி.ரி. மருந்தில் அடங்கிய ஒரு கூறு பாட்டியின் இரத்தத்தில் மிகுந்திருந்தால், பேத்தி உடற்பருமன் அடையும் வாய்ப்பு இரண்டு முதல் மூன்று மடங்கு வரை உயர்ந்தது. பாட்டி பருத்தவராய் இல்லாத குடும்பங்களிலேயே இத்தொடர்பு தெளிவாகக் காணப்பட்டது என்பதைக் கவனித்தல் வேண்டும். அப்பேத்தியர் பூப்பெய்தும் வயதும் முந்தியது.

பேத்தியை டி.டி.ரி. எவ்வாறு தீண்டிற்று? பெண்குழந்தை தாய்வயிற்றில் இருக்கும்போதே அதன் முட்டைக் கலங்கள் உருவாகிவிடுகின்றன. பாட்டி கருவுற்றிருந்த அந்நாளிலே, பாட்டியும் அவர் வயிற்றில் மகளும் மகளின் உள்ளே பேத்தியாகப் போகும் முட்டையும் ஆக, மூன்று தலைமுறையும் ஓருடம்பில் ஒருங்கே இருந்தன. ஒரு தெளிப்பு மூவரையும் தீண்டியது.

இந்த ஆய்வு சில நூறு பேத்தியரை மட்டுமே அளந்தது. கலிபோர்னியாவிற் கண்டதை அப்படியே பெயர்த்து இங்கே நடுதலும் ஆகாது. அங்கே தெளித்த விதம் வேறு, இங்கே தெளித்த விதம் வேறு. தொடர்பு வேறு, காரணம் வேறு என்பதையும் மாணவர் மறக்கலாகாது. ஆயினும் சுண்டெலியிற் கண்டதும் மனிதரிற் கண்டதும் ஒரே திசையைக் காட்டும்போது, அதனைப் புறக்கணித்தல் அறிவுடைமையாகாது. இலங்கை 1970 களில் டி.டி.ரி. மருந்தைக் கைவிட்டு வேறு மருந்துகளுக்கு மாறியது. 2016 இல் மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனத்தின் சான்றையும் பெற்றது.

அடுக்களைக்குள் நுழைந்தவை

கப்பற் பூச்சும் டி.டி.ரி. மருந்தும் சென்ற காலத்தன. இன்றைய அடுக்களையில் இருப்பவை எவை? நோர்வே நாட்டின் துரண்ட்ஹெயிம் நகர்ப் பல்கலைக்கழகத்தார், போத்தல், சமையலறைப் பஞ்சு முதலிய நாளாந்தப் பாவனைப் பிளாஸ்ரிக் பொருள்கள் 34 இனை எடுத்து, அவற்றிலிருந்து வடித்த இரசாயனங்களை இளங் கலங்களின்மீது இட்டுப் பார்த்தனர். அவற்றுள் 11 பொருள்களின் வடிப்பு அக்கலங்களைக் கொழுப்புக் கலங்களாக மாற்றிற்று. இது 2022 இல் வெளிவந்த செய்தி. பேர்பெற்ற 'குற்றவாளிகள்' சிலர் அங்கே இருந்தனர். ஆனால் பெரும்பாலான பொருள்களில் அவர்களைக் கொண்டு மட்டும் இவ்விளைவை விளக்க முடியவில்லை. பெயர் அறியாத பிறவும் அங்கே வேலை செய்தன. கண்ணாடிக் கிண்ணத்திலே கலங்களுக்கு நேர்ந்தது உண்பவர் உடம்பிலும் அவ்வாறே நேரும் என அறுதியிட்டுக் கூறல் இயலாது. இருந்தபோதிலும், விற்பவரே தம் பொருளில் உள்ளவற்றை முற்றாக அறியார் என்பது நமக்கு நெஞ்சிற் படுகின்றது.

பேர்பெற்றவற்றுள் ஒன்று பிஸ்பீனோல் ஏ. கடினமான ஒளிபுகும் பிளாஸ்ரிக் போத்தல்களிலும், தகரத்தில் அடைத்த உணவின் உட்பூச்சிலும் அது பயன்பட்டது. மேலே கூறிய டொட்ஸ் என்பாரே, டி.ஈ.எஸ். மருந்தை ஆக்குவதற்கு இரண்டாண்டு முன்னர், 1936 இல், இப்பொருளும் பெண் ஓமோனைப் போலச் செயற்படும் எனக் காட்டியவர். அங்ஙனம் இருந்தும் பின்னர் அது பிளாஸ்ரிக் செய்ய உலகெங்கும் பெருந்தொகையாக ஆக்கப்பட்டது! ஐரோப்பிய ஒன்றியம் 2011 இல் பாற்போத்தல்களில் அதனை விலக்கியது. 2023 இல் அவ்வொன்றியத்தின் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளத்தக்க அளவை முன்னிருந்ததிலும் 20,000 மடங்கு குறைத்தது. ஜேர்மனியின் இடர்மதிப்பீட்டு நிறுவனம் அவ்வளவு குறைத்தல் மிகை என மாறுபட்டது. அறிஞர் மாறுபடுதல் அறிவியலுக்குப் புதிதன்று. 2024 டிசெம்பரில், உணவைத் தொடும் பொருள்களில் பிஸ்பீனோல் ஏ. கூடாது என ஒன்றியம் முடிவு செய்தது. தொழிற்சாலைகள் மாறிக்கொள்ளக் காலவரையறையும் கொடுத்தது.

ஒட்டாத பாத்திரங்களையும் எண்ணெய் ஊறாத உணவுறைகளையும் செய்தற்கு உதவும் புளோரீன் சேர்வைகள் வேறொரு வகை. அவை உடம்பினின்றும் எளிதில் அகலா. ஐக்கிய அமெரிக்காவிலே, உணவுக் கட்டுப்பாட்டால் மெலிய முயன்ற 621 பேரை இரண்டாண்டு பின்தொடர்ந்த ஆய்வின் முடிபு 2018 இல் வெளிவந்தது. எல்லோரும் முதல் ஆறு மாதத்தில் மெலிந்தனர். பின்னர், இரத்தத்தில் இச்சேர்வைகள் மிகுந்திருந்த பெண்கள், குறைந்திருந்த பெண்களைவிட இரண்டு கிலோகிராம் அளவுக்குக் கூடுதலாக இழந்த நிறையைத் திரும்பப் பெற்றனர். ஓய்வாக இருக்கும்போது அவர்களுடைய உடம்பு சக்தியைச் செலவிடும் வேகமும் தாழ்ந்திருந்தது. இரண்டு கிலோகிராம் பெரிதோ என வினவலாம். மாதக்கணக்காக வாயைக் கட்டி மெலிந்த ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்!

இனிக் குடும்பத் தலைவியர் நம்மைக் கேட்கக்கூடியது, வீட்டில் என்ன செய்யலாம் என்பதே. கொதிக்கும் குழம்பையும் சுடுசோற்றையும் பிளாஸ்ரிக்கில் இடாதிருத்தல் முதலாவது. சூடும் எண்ணெயும் புளியும் சேர்ந்தால் இரசாயனம் கசிதல் மிகும். வாழையிலையிற் கட்டிய சோற்றுப் பொதி நம் கண்முன்னேதான் பொலித்தீன் தாளுக்கு மாறியது. அத்தாளை அரசாங்கம் 2017 செப்டெம்பர் முதல் தடைசெய்ததும், தடைக்குப் பின்னரும் கடைகளில் அது கண்ணிற் பட்டதும் வாசகர் அறிவர். எவர்சில்வர்ப் பாத்திரமும் கண்ணாடிப் போத்தலும் மண்சட்டியும் விலைமிக்க பொருள்களல்ல. காய்கறியையும் பழத்தையும் நன்கு கழுவுதல், கீறல் விழுந்து பூச்சு உரிந்த ஒட்டாச் சட்டியைக் கழித்துவிடுதல், கருவுற்ற பெண் இருக்கும் வீட்டினுள் எவரும் புகைக்காதிருத்தல், நுளம்புக்கும் கரப்பானுக்கும் கண்டபடி மருந்து விசிறாதிருத்தல் ஆகியவையும் கைகூடாதனவல்ல.

'உடம்பில் உள்ள நஞ்சை ஒரே வாரத்தில் வெளியேற்றி உடலை மெலியச் செய்வோம்' எனப் பொடியும் கஷாயமும் விற்போரை மட்டும் நம்பவேண்டா. கொழுப்பிற் கரைந்து கிடக்கும் நஞ்சு கொழுப்போடேயே கிடப்பது. உடல் மெலியும்போது அது இரத்தத்துக்குத் திரும்புகின்றது என்பதைக் கனடாவின் கியூபெக் மாகாணத்து ஆய்வாளர் அளந்தே காட்டியுள்ளனர். ஆகையினால், மிகைநிறையுடையோர் பட்டினி கிடந்து திடீரென மெலிவதிலும் வைத்தியரின் ஆலோசனையோடு மெல்ல மெல்ல மெலிதல் நன்று. அதற்காக மெலியாமலே இருந்துவிடுதல் சரியன்று. நீரிழிவும் இருதய நோயும் அதனினும் பெரிய கேடுகள்.

தாய்ப்பாலிலும் இந்நஞ்சுகள் கலந்திருக்கும் எனக் கேள்வியுற்று அஞ்சும் இளந்தாயரும் உளர். கலந்திருப்பது மெய். ஆயினும் அப்பாலினால் விளையும் நன்மை பன்மடங்கு பெரிதாதலின், முதல் ஆறு மாதமும் தாய்ப்பாலொன்றே ஊட்டுக என்றே உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நஞ்சு குறைவதற்குரிய வழி பாலை நிறுத்துவதன்று, நஞ்சின் ஊற்றை அடைப்பதாகும். சுவீடன் நாட்டின் ஸ்ரொக்ஹோம் நகரிலே தாய்மார் ஈந்த பாலைச் சேமித்து, 1972 முதல் 1997 வரை ஆராய்ந்தனர். டி.டி.ரி. தடைசெய்யப்பட்ட அந்நாட்டிலே, பாலில் அதன் அளவு ஆண்டுக்காண்டு இறங்கி, கடைசியில் மிகச் சிறு பங்கே எஞ்சியது. ஆனால் அதே பாலிலே வேறொரு பொருள் ஏறிக்கொண்டிருந்தது. மெத்தைகளிலும் மின்கருவிகளிலும் தீப்பற்றாதிருக்கச் சேர்க்கப்பட்ட புரோமீன் சேர்வை அது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதன் அளவு இரட்டித்து வந்தது. அதனை ஊட்டிய எலிகளின் கொழுப்புக் கலங்கள் இன்சுலினின் ஆணைக்கு இணங்குதல் குறைந்ததை 2007 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. அச்சேர்வைகளுள் இரண்டு வகைகளை ஐரோப்பிய ஒன்றியம் 2004 இல் தடைசெய்தது. பாலை எவரும் அளந்து பாராதிருந்தால் அது ஏறிவந்ததை அறிந்திருக்கவே முடியாது.